பேசாமலிருந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபைக் குழுவின் மூப்பர்களுக்கும், அங்கத்தினர்களுக்கும்,

ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

இதை முதலில் கடிதமாக எழுதிச் செயலாளர் கையில்தான் கொடுத்தேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகையால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். சபையின் பெயரையோ மனிதர்களின் பெயரையோ இதில் சொல்லப்போவதில்லை. மியான்மரில், இந்த யாங்கூனில், தமிழில் ஆராதனை நடக்கிற ஆலயங்கள் பல இருக்கின்றன. எது என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு பெண், அதுவும் ஞாயிறு பள்ளி ஆசிரியை, கோபப்படலாமா என்று கேட்பவர்கள் குழுவிலேயே இருக்கிறீர்கள். "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்ற யாக்கோபின் வசனம் உங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். வசனத்தில் குறையில்லை. ஆனால் நம் சபையில் அதை எடுத்துச் சொல்கிறவர் எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். கேட்டுக்கொள்கிறவர் இந்தப் பக்கம் நிற்பவர். மூப்பர் ஒருவர் வாசலில் நின்று பெண்களை அதட்டிய அன்று அந்த வசனம் யாருடைய வாய்க்கும் வரவில்லையே?

வெளியே இருப்பவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா கடந்த மழைக்காலத்தில் இறந்துபோனார்கள். நம் சபையில் பிறந்து, இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, இந்த ஊரில் தமிழ் எழுத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்த இடங்களில் கோவில்களும் ஆலயங்களும்தான் மிஞ்சின. நம் ஆலயத்தின் பின்கட்டில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அ, ஆ எழுதிக்காட்டியவர்கள் அந்த அம்மா. இந்த மடலை எழுதுகிற கைக்கும் அவர்கள்தான் எழுத்துப் பழக்கினார்கள்.

பிறகு, பர்மியரான ஒரு பௌத்தரை நீதிமன்றத்தில் பதிந்து மணந்துகொண்டார்கள். அன்றைய குழு பதிவேட்டில் அவர்களுடைய பெயரின்மேல் கோடு போட்டது. கோடு போட்ட பிறகும் அவர்கள் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். கடைசி வரிசை பெஞ்சு. திருவிருந்து நேரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து வரமாட்டார்கள், யாரும் கூப்பிட்டதும் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் பெஞ்சுகளைத் துடைத்து, பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்தது அவர்கள்தான். கூலி வாங்காமல் இந்த ஊழியத்தைச் செய்துவரும் "ஒரு சகோதரிக்கு" நம் ஆண்டறிக்கை ஒன்றில் நன்றி அச்சாகியிருக்கிறது. பெயர் போடவில்லை. போட முடியாதே, பெயர்தான் வெட்டப்பட்டிருக்கிறதே.

அவர்கள் இறந்தது ஒரு சனிக்கிழமை இரவு. கரண்ட் முறைவைத்து வருகிற ஊரில் உடலை வைத்திருப்பது எப்படி என்று யாங்கூன்காரர்களுக்கு விளக்க வேண்டாம். அக்கம்பக்கத்தார் ஐஸ் கட்டிகள் வாங்கி வந்து சணல் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த உடனே அவர்களுடைய கணவர் ஆயரைப் பார்க்க வந்தார். நாங்கள் ஊலே என்று அழைக்கிற பெரியவர், தமிழ் தெரியாது. மனைவியை ஆலயத்துக்குள் பத்து நிமிஷம் வைத்து ஒரு ஜெபம் செய்ய வேண்டும் என்று கேட்டார். அது மனைவியின் ஆசை என்றும் சொன்னார்.

குழு பின்னறையில் அவசரமாகக் கூடியது. பதிவேட்டை எடுத்தார்கள், பெயரின்மேல் கோடு. சந்தாப் புத்தகத்தை எடுத்தார்கள்; 2024 பிப்ரவரிக்குப் பிறகு வரவு இல்லை. பேரன்தான் கட்டிவந்தான். அந்த மாதம் 10ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக அறிவித்தார்கள், ஆண்களில் 18 முதல் 35 வயதுவரை. எந்தெந்த வீட்டில் பையன்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீடுகளிலும் சில உண்டு. அந்தப் பேரனும் போனான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பெயரின்மேல் கோடு போட்டுவிட்டு, அந்தக் குடும்பத்தின் சந்தாவை மட்டும் இத்தனை வருஷம் வாங்கி ரசீது கொடுத்துவந்திருக்கிறோம். பின்னறையில் இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தீர்மானம் இப்படி வந்தது: உடல் ஆலய வளாகத்துக்குள் வரக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, ஆயர் அங்கி அணிந்து போகக் கூடாது, செவ்வாய்க்கிழமை முழுக் குழு கூடும்போது வேண்டுமானால் மறுபடி பேசலாம். செவ்வாய்க்கிழமையாம். ஐஸில் வைத்த உடலுக்கு.

சாயங்காலம் இலவசமாக ஈமச் சேவை செய்கிற ஒரு சங்கத்தின் வண்டி வந்தது. 2001இல் திரைப்பட இயக்குநர் துக்காவும் நடிகர் சோ தூவும் யாங்கூனில் இப்படி ஒரு சேவையைத் தொடங்கினார்கள். சோ தூ தம் தோளிலேயே பெட்டி சுமந்தவர். அதைப் பார்த்துப் பல ஊர்களில் இத்தகைய சங்கங்கள் முளைத்தன. இறந்தவர் என்ன மதம், என்ன இனம் என்று அவர்கள் கேட்பதில்லை. அன்று வண்டியோடு வந்த பையன்கள் பௌத்தர்கள். போகிற வழியில் ஆலய வாசலில் சற்று நிறுத்தும்படி ஊலே கேட்டிருந்தார். பூட்டியிருந்த இரும்புக் கதவைப் பார்த்துவிட்டு ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "சாவி வைத்திருப்பவர் இன்னும் வரவில்லையா?" ஆமாம், வரவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? சாவி வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் உள்ளேதான் இருந்தீர்கள்.

மழை விடாமல் பெய்தது. பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் வண்டியின் பின்பலகை வழியாகத் தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊலே குடையைத் தமக்குப் பிடிக்காமல் பெட்டியின் தலைமாட்டுக்குப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். பெண்கள் சிலர் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினோம். அப்போதுதான் மூப்பர் ஒருவர் வெளியே வந்தார். மனைவியை இழந்து நிற்கிற மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களைப் பார்த்து, "முக்காடுகூட இல்லாமல் தெருவில் நின்று கர்த்தருடைய பாட்டைப் பாடுகிறீர்களா?" என்றார்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள் ஐயா. பதினெட்டு வருஷம் நிமிர முடியாமல் கூனியாக இருந்த ஒரு ஸ்திரீயை ஓய்வுநாளில் இயேசு நிமிர்த்துகிறார். ஜெபஆலயத்தலைவனுக்குக் கோபம் வருகிறது. இயேசுவின்மேல்தான் கோபம், ஆனால் அவன் பேசுவது ஜனங்களிடம். வேலை செய்ய ஆறு நாள் உண்டே, அந்த நாட்களில் வந்து குணமாகிக்கொள்ளுங்கள் என்கிறான். கோபம் ஒரு பக்கம், அதட்டல் வேறு பக்கம். எதிர்த்துப் பேசக்கூடியவரை விட்டுவிட்டு, பேச முடியாதவர்கள்மேல் பாய்கிற கோபம் அது. பலிக்கிற இடத்தில் கோபத்தை அடக்குகிறவனே அடக்கியவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிற குறளை நம் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம் போலிருக்கிறது.

அங்கே இயேசு சொன்ன பதிலும் நமக்குத் தெரிந்ததுதான். ஓய்வுநாளில் உங்கள் எருதையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்கிறார். "ஒரு சகோதரி" என்று பெயரில்லாமல் அச்சிடவில்லை. ஆபிரகாமின் குமாரத்தி என்று குடும்பப் பதிவேட்டில் சேர்த்தே சொல்கிறார்.

மூப்பரைப் பற்றி இவ்வளவு போதும். அவர் சத்தம் போட்டார். அவருடைய சுபாவம் ஊருக்குத் தெரியும். பின்னறைக் கூட்டத்தில் கடுமையாகப் பேசியவர் அவரும் இன்னொருவரும்தான் என்று உள்ளே இருந்தவர்களே வெளியே வந்து சொன்னீர்கள். "எனக்கு மனசே இல்லை அம்மா, ஆனால் என்ன செய்வது" என்று ஒருவருக்குப் பின் ஒருவராக என்னிடம் வந்து சொன்னீர்கள். என் கோபம் உங்கள்மேல்தான். பேசாமலிருந்த உங்கள்மேல்.

மாற்கு 3ஆம் அதிகாரம். சூம்பின கையுடைய ஒரு மனிதன் ஜெபஆலயத்தில் இருக்கிறான். இயேசு ஓய்வுநாளில் அவனைச் சொஸ்தமாக்குவாரோ என்று குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருக்கிறார்கள். அவர் அவனைப் பார்த்து, எழுந்து நடுவே நில் என்கிறார். பிறகு அவர்களைக் கேட்கிறார்: ஓய்வுநாளில் நன்மை செய்வதோ, தீமை செய்வதோ, ஜீவனைக் காப்பதோ, அழிப்பதோ, எது நியாயம்? "அதற்கு அவர்கள் பேசாமலிருந்தார்கள்." அடுத்த வசனத்தில்தான் அவர் கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்க்கிறார். கூக்குரல் போட்டவர்கள் அங்கே யாரும் இல்லை. வாதாடியவர்களும் இல்லை. பதில் தெரிந்தும் வாயைத் திறக்காதவர்கள்மேல் அந்தக் கோபம் வந்தது. கோபத்தோடு அதே மூச்சில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது: அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் அவர் விசனப்பட்டார். வருத்தமும் கோபமும் ஒன்றாக வருகின்றன. என்னுடைய கோபமும் அப்படி இருக்க வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறேன். எல்லா நாளும் அப்படி இருப்பதில்லை.

அந்த மனிதனுடைய கை ஓர் இரவு பொறுத்திருந்தால் மோசமாகிவிடாது என்பதையும் கவனியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம் என்று யூத போதகர்களே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்; அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பாவநிவாரண நாளைப் பற்றிய யோமா பகுதியில் அது இருக்கிறது. ஆகவே நம் பிரசங்கங்களில் வழக்கமாகச் செய்வதுபோலப் பரிசேயரைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சித்திரித்து, நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற வார்த்தையும் அவர்களுடைய ஓசியா தீர்க்கதரிசியிடமிருந்து வந்ததுதான். மத்தேயுவில் இயேசு அதை இரண்டு இடத்தில் எடுத்துச் சொல்கிறார்: ஆயக்காரரோடு பந்தியிருந்ததற்காகக் குறைகூறியபோது ஒரு முறை, பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்ததற்காகக் குறைகூறியபோது ஒரு முறை. அன்று ஜெபஆலயத்தில் கேள்வி, அவசரமில்லாத ஒரு நன்மையை நாளைக்குத் தள்ளிவைக்கலாமா என்பது. அவர் தள்ளிவைக்கவில்லை. நாம் செவ்வாய்க்கிழமை என்றோம்.

அந்தச் சம்பவம் எப்படி முடிகிறது என்பதை நாம் சத்தமாக வாசிப்பது குறைவு. பரிசேயர் வெளியே போய், உடனே ஏரோதின் ஆதரவாளர்களான ஏரோதியரோடு சேர்ந்து அவரைக் கொலைசெய்ய ஆலோசனை பண்ணுகிறார்கள். அதுவும் ஓய்வுநாள்தானே? ஒரு கையை நீட்டச் சொன்னது சட்டமீறல். கொலைக்குத் திட்டம் போட்டது மீறலாகத் தெரியவில்லை.

உங்கள் பக்கத்து வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குழுவில் மூத்தவர் ஒருவர் என்னிடம் நிதானமாகவே சொன்னார்: "அம்மா, 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். 1964இல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது மறுபடியும் கப்பலேறினார்கள். மிஞ்சிய கைப்பிடிச் சனம் நாம். கட்டுப்பாடு இல்லாவிட்டால் இரண்டு தலைமுறையில் தமிழும் இருக்காது, சபையும் இருக்காது." அவர் கண் கலங்கிச் சொன்னார். அந்தப் பயம் உண்மையானது, எனக்கும் உண்டு. என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் தமிழ் வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துத்தான் ஒப்பிக்கிறார்கள்.

ஆனால் பதிவேட்டின் வலி என்னவென்று இந்த நாட்டில் நமக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே இங்கே குடியிருந்த இனத்தார் யார், பிறகு வந்தவர் யார் என்று பிரிக்கிறது. இளஞ்சிவப்பு அட்டை முழுக் குடிமகனுக்கு. நீலம் இணைக் குடிமகனுக்கு. பச்சை, குடியுரிமை பெற்றவருக்கு. குடிவரவு அலுவலகத்தில் முகப்புக்கு முன்னால் நின்று, பாட்டன் வந்த வருஷத்தைச் சொல்லி, அலுவலர் ஏட்டைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, "உங்கள் பெயர் இதில் இல்லை" என்று கேட்டிருக்கிறோம். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய ஜனம், அதே வார்த்தையைத் தன் ஆலயத்தின் பின்னறையில் உட்கார்ந்து ஒரு சவப்பெட்டிக்குச் சொல்கிறது. 2015இல் பௌத்தப் பெண்கள் வேற்று மதத்தாரை மணப்பதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தபோது, யார் யாரை மணக்கிறார்கள் என்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று நம் வீட்டு வரவேற்பறைகளில் பொருமினோம். நம் சபை விதிப்புத்தகத்தில் அதைவிடக் கடுமையான பிரிவு உட்கார்ந்திருக்கிறது.

விதிப்புத்தகம் என்றதும் அது சீனாய் மலையிலிருந்து இறங்கியதுபோலப் பேசுகிறீர்கள். ஞானஸ்நானம் பெறாதவர், சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர், தற்கொலை செய்துகொண்டவர் ஆகியோருக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்று 1662ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப்புத்தகத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. நம் விதிப்புத்தகத்தின் அடக்க ஆராதனைப் பிரிவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; சந்தாப் பாக்கி ஒன்றுதான் நாம் சொந்தமாகச் சேர்த்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டிருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்தப் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிட்டார்கள். மனிதர் எழுதியதை மனிதர் திருத்தினார்கள், வானம் இடிந்து விழவில்லை. தமிழ்நாட்டில் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டிய சுவர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ஊர்க்காரர்கள் இன்னும் திருந்தவில்லையே என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். நம்முடையது சுவர் இல்லை, கோடுதான். அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வேதத்தை வைத்தே பேசலாம் என்றால் அதற்கும் தயார். மோவாபியர் பத்தாம் தலைமுறைவரை கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்கிறது. ரூத் மோவாபியப் பெண். பெத்லகேமின் மூப்பர்கள் ஊர்வாசலில் உட்கார்ந்திருந்தபோது யாராவது அந்த வசனத்தை எடுத்து வாசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் வாசிக்கவில்லை, ஆசீர்வதித்தார்கள். மத்தேயு தம் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே, ஆண்டவருடைய வம்ச வரலாற்றில், அவளுடைய பெயரைக் கோடில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். "நீர் மரணமடையும் இடத்தில் நானும் மரணமடைந்து, அங்கே அடக்கம்பண்ணப்படுவேன்" என்று மாமியாரிடம் சொன்னவள் அவள். அதே வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைத்தான் நாம் தெருவில் நிறுத்தினோம். கலப்புத் திருமணம் என்றால் பவுலையும் கேளுங்கள். அவிசுவாசியான கணவன் கூடவே வாழச் சம்மதித்தால் அவனைத் தள்ளிவிடக் கூடாது, அவன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்று கொரிந்தியருக்கு எழுதினார். விசுவாசியான மனைவியைச் சபை தள்ளிவிடலாம் என்று அவர் எழுதிய நிருபம் எதையும் நான் படித்ததில்லை.

நீங்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நா வராது. 2025 மார்ச் 28ஆம் தேதி மாண்டலேயிலும் சகாயிங்கிலும் 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன, பௌத்த மடங்கள் சரிந்தன. இதே குழுதான் ஒரே நாளில் அரிசி மூட்டை, தார்ப்பாய், தண்ணீர் எல்லாம் சேர்த்து லாரி ஏற்றியது. யாருக்குப் போகிறது, எந்த மதம், சந்தா கட்டினார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்று வாயை மூடிக்கொண்டிருந்த சிலர் அன்று கையிலிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். எங்கோ இருக்கிற அந்நியருக்கு இரங்குவது நமக்கு எளிதாக இருக்கிறது. அவர்களுக்கு நம் புத்தகத்தில் பக்கம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து முப்பது நாற்பது வருஷம் பாடிய பெண்ணுக்குத்தான் பதிவேட்டைத் திறக்கிறோம். வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று ஆண்டவர் சொன்னபோது, சீரகத்தை எண்ணியவர்களும் வீட்டில் நல்ல தகப்பன்மார்களாகவே இருந்திருப்பார்கள்.

யேவே கல்லறைத் தோட்டத்தில் அன்று அங்கி இல்லாமல் ஒரு ஜெபம் நடந்தது. ஆயர் ஐயா, நீங்கள் சாதாரணச் சட்டையில் குடை பிடித்துக்கொண்டு வந்து பின்னால் நின்றீர்கள். நான் பார்த்தேன். அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அது போதாது என்பதையும் சொல்கிறேன். ஏழாம் நாள் ஊலே தமக்குத் தெரிந்த முறையில் பிக்குமாரை அழைத்து, மனைவியின் பெயரால் அன்னதானம் செய்தார். எங்களையும் கூப்பிட்டு, மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மோஹிங்கா பரிமாறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் காதில் விழுந்த பேச்சு என்ன தெரியுமா? "பார்த்தீர்களா, கடைசியில் புறஜாதிச் சடங்குதானே செய்தார்கள், நாம் எடுத்த முடிவு சரிதான்." நாம் கதவைப் பூட்டினோம், அந்த மனிதர் தம்மிடம் இருந்த கதவைத் திறந்தார். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

இளைஞர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பையன்களும் பெண்பிள்ளைகளும் கொதித்துப்போயிருக்கிறார்கள். குழுவினரின் படங்களைப் பேஸ்புக்கில் போடுவோம், காணிக்கைப் பையில் வெறும் காகிதம் போடுவோம், பின்னறைக்கு வெளியிலிருந்து பூட்டுப் போடுவோம் என்றெல்லாம் திட்டம் போட்டார்கள். (கடைசித் திட்டத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை.) சமாரியக் கிராமம் ஏற்றுக்கொள்ளாதபோது வானத்திலிருந்து அக்கினி இறக்கட்டுமா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அதட்டியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய கோபத்தை அணைத்துவிடுங்கள் என்று நீங்கள் என்னைக் கேட்டால், மாட்டேன். சிறுபிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள்மேல் ஆண்டவரே விசனமடைந்தார். கோபங்கொண்டாலும் பாவம் செய்யாதிருங்கள் என்றுதான் பவுல் எபேசியருக்கு எழுதினார். சூரியன் அஸ்தமிக்கும் முன் தணியட்டும் என்கிறார். தணிவதற்கு நீங்கள் ஏதாவது செய்ய வேண்டாமா? மாற்கு 3இல் ஆண்டவருடைய கோபம் எங்கே போய் முடிந்தது? பரிசேயரை வெளியே தள்ளவில்லை. "உன் கையை நீட்டு" என்று அந்த மனிதனிடம் திரும்பினார், கை சொஸ்தமாயிற்று. அங்கே கோபத்துக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலை நடந்தது. நம் பிள்ளைகளின் கோபத்துக்கும் என்னுடையதற்கும் நான் கேட்பது அப்படி ஒரு வேலைதான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயரின்மேல் போட்ட கோட்டைக் குழுத் தீர்மானத்தின் மூலம் ரத்து செய்து, அந்தத் தீர்மானத்தை ஆராதனையில் வாசிக்க வேண்டும். யேவேயில் அவர்களுடைய கல்லறையில், ஆயர் அங்கி அணிந்து, முழு அடக்க ஆராதனையையும் நடத்த வேண்டும்; அன்று ஆலய மணி அடிக்க வேண்டும். காலம் தாழ்ந்த ஆராதனைக்கு முன்மாதிரி இல்லை என்று சொல்லாதீர்கள். இந்த நாட்டுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த அமெரிக்க மிஷனரி ஆதோனிராம் ஜட்சன் 1850 ஏப்ரலில் கப்பலில் இறந்து கடலிலேயே அடக்கமானார். கல்லறை என்று ஒன்று அவருக்கு இல்லாதபோதும் இந்த நாட்டுச் சபைகள் அவரை நினைவுகூராமல் இருக்கின்றனவா? விதிப்புத்தகத்தில் அடக்க ஆராதனையைச் சந்தாவோடு சேர்த்துக் கட்டிய வரியை அடித்துவிட வேண்டும். இதற்குப் பொதுக்குழு தேவை என்றால் பொதுக்குழுவைக் கூட்டுங்கள், கையெழுத்துகள் தயாராக இருக்கின்றன. வேற்று மதத்தாரை மணந்தவர்களைப் பற்றிய பிரிவை உடனே நீக்க உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசவாவது ஒரு கூட்டம் வையுங்கள். அப்படி மணந்து இன்னும் உயிரோடிருப்பவர்களை அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். கடைசி பெஞ்சில் உட்காரவைக்காமல், நடுவே.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களில் யாராவது ஊலே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சத்தம் போட்ட இருவர் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேசாமலிருந்தவர்களில் ஒருவர் போங்கள். பர்மிய மொழி தடையில்லாமல் பேசத் தெரிந்தவராக இருக்கட்டும். அவருக்குக் காது சற்று மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். காலையில் ஏழு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார். போகிறவர் யார் என்று எனக்குச் சொல்லி அனுப்பினால், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை,
யாங்கூன்